கரிசல் நிலத்தில் இசை தேடி

ஓர் ஊருக்குப் புதிதாகச் செல்வோருள் கோயிலைக் காண விழைவோர் உளர். கடைத்தெருவைச் சுற்றிவர விழைவோர் உளர். உறவினரைக் கண்டு உண்டு மீள்வோரும் உளர். இசையைத் தேடிச் செல்வோர் சிலரே. கோபுரத்தை இன்று காணத் தவறினால் நாளை காணலாம். சிற்பம் நூறாண்டு கழித்தும் அவ்விடத்திலேயே நிற்கும். இசையோ ஒலிக்கும் பொழுது மட்டுமே உள்ளது; ஓய்ந்தபின் அஃது இருந்த இடம் தெரிவதில்லை. ஆதலின் இசை தேடி வருவோன் இரண்டு இடங்களைப் பற்றி வினவ வேண்டியவனாகிறான். இசை நிகழும் இடம் யாது என்பது முதல் வினா. நிகழ்ந்து முடிந்த இசையைச் சேர்த்து வைத்திருக்கும் இடம் யாது என்பது இரண்டாவது வினா. சென்னை போன்ற பெருநகரில் இவ்வினாக்களுக்கு விடை எளிது. சங்கீத சபையையும் இசைத்தட்டுக் கடையையும் எவரும் காட்டிவிடுவர். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விளைவிக்கும் கரிசல் சீமையில் இவை எங்கே இருந்தன?

கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, இடைசெவல் என்னும் சிற்றூர் உள்ளது. வரலாற்று நூல்களில் பெரிதாகப் பேசப்படாத இவ்வூரில் 1923-ஆம் ஆண்டில் இருவர் பிறந்தனர். ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றொருவர் கி. ராஜநாராயணன். இருவரும் பிற்காலத்தில் தமிழ்ச் சிறுகதையின் முன்வரிசையில் நின்றனர். இருவரும் சாகித்திய அக்காதெமியின் பரிசுக்கு உரியவராயினர். இவ்விரு நண்பர்களையும் இலக்கியம் பிணைத்த அளவுக்கு இசையும் பிணைத்தது என்பதை அறிந்தோர் குறைவு. அழகிரிசாமி சென்னைக்கும், பின்னர் 1950-களில் மலேயா நாட்டுக்கும் பணியின் பொருட்டுச் சென்றார். அங்கிருந்து அவர் இடைசெவலில் இருந்த நண்பருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வெளிவந்தன. இலக்கியம் பேசும் அக்கடிதங்களில் இசையும் இடையிடையே பேசப்படுகிறது. ராஜநாராயணன் கதை எழுதத் தொடங்குவதற்கு முன்னரே இசை பயின்றவர். அவர் பயின்றது விளாத்திகுளம் சுவாமிகள் என்று அழைக்கப்பெற்ற நல்லப்ப சுவாமிகளிடம்.

இளைஞர் இருவர்க்கு இசை கேட்க இடைசெவலில் மண்டபம் ஏதும் இல்லை. ஆயினும் நாற்புறமும் இடங்கள் இருந்தன. வடக்கே கோவில்பட்டி, வடமேற்கே கழுகுமலை, கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம். இம்மூன்று ஊர்களையும் ஒருவன் ஓரிரு நாளில் சுற்றிவந்துவிடலாம்.

கோவில்பட்டி இன்று தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற நகரம். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையிலான இருப்புப்பாதை இதன் வழியே செல்கிறது. நகரின் நடுவே செண்பகவல்லி அம்மன் திருக்கோயில் உள்ளது. இத்தகைய ஊர்களில் முற்காலத்துச் சபை யாதெனின், அது கோயிலின் வெளிவீதியே ஆகும். நுழைவுச் சீட்டு இல்லை, நாற்காலி இல்லை, கூரையும் இல்லை. திருவிழா இரவில் சுவாமி புறப்படும்பொழுது நாகசுரத்தில் மல்லாரி முழங்கும். மல்லாரிக்குச் சொற்கள் கிடையா. தாளத்தின் நடையே அதற்கு உயிர். சுவாமி வீதியில் இறங்கியபின் இராக ஆலாபனை தொடங்கும். வீதியின் திருப்பத்தில் பல்லக்கு நிற்கும். நாகசுரக்காரர் ஓர் இராகத்தை எடுத்துக்கொண்டு மணிக்கணக்காக வாசிப்பார். கேட்போர் திண்ணையிலும் வண்டியின் நுகத்தடியிலும் அமர்ந்திருப்பர். சிலர் நின்றுகொண்டே இருப்பர். நள்ளிரவு கடந்து சுவாமி திரும்பும்பொழுது ஊஞ்சல் பாட்டும் நீலாம்பரியும் ஒலிக்கும். மறுநாள் காட்டு வேலைக்குச் செல்ல வேண்டிய உழவனும் அதுவரை விழித்திருப்பான்.

இங்கே நாகசுரத்தின் அமைப்பைச் சிறிது காண்பது தகும். இதனை நாதசுரம் என்றும் வழங்குவர். எப்பெயர் சரி என்று புலவர் வாதிடுவதுண்டு, வாசிப்போர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆச்சா மரத்தைக் கடைந்து உழலாகச் செய்வர். மேல்முனையில் நாணல் வகைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்த சீவாளியைப் பொருத்துவர். கீழ்முனையில் மணி போல விரிந்த அணசு இருக்கும். விரலால் மூடித் திறக்கும் துளைகள் ஏழு. அவற்றின் கீழே சுருதியைச் செம்மை செய்வதற்கென வேறு துளைகளும் உண்டு. ஒரு சுரத்தைக் குழைத்து மற்றொரு சுரத்தோடு சேர்ப்பதற்கு விரல் மட்டும் போதாது. மூச்சின் வேகமும் உதட்டின் அழுத்தமும் சேர வேண்டும். திறந்த வெளியில் நெடுந்தொலைவு கேட்க வேண்டிய கருவி இது. எனவே கோயில் மதிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டிருந்த காலத்திலும், மதிலுக்கு அப்பால் நின்றவர் செவியை இதன் ஓசை எட்டிற்று. ஓசைக்கு மதில் போட எவராலும் இயலவில்லை.

ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. ஓசையைக் கொண்டாடிய ஊர் ஓசையை எழுப்பியவனை அவ்வாறு கொண்டாடவில்லை. நாகசுரக் கலைஞர் சட்டையணியாது, மேலாடையை இடையில் கட்டிக்கொண்டு, பெரிய மனிதர் முன் நின்று வாசிக்க வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. வாய்ப்பாட்டுக்காரர்க்கு மேடை, நாகசுரக்காரர்க்குத் தரை. இவ்வழக்கத்தை எதிர்த்து நிமிர்ந்தவர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898-1956). அவர் முடியைக் கத்தரித்துக்கொண்டார், சட்டையும் அணிந்தார், மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்றார். அதுவரை உரத்த சுருதியுடைய குறுகிய திமிரி நாயனமே பெரிதும் வழங்கியது. நீண்டு, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரி நாயனத்தைப் பரப்பியவரும் அவரே. அவர் கேட்ட மதிப்பை ஊர் உடனே தந்துவிடவில்லை. கலையின் வன்மையால் அவர் அதனைப் பெற்றார் என்பதே பொருந்தும். கலைவன்மையில் அவருக்கு ஈடில்லாத எளிய நாயனக்காரர் பலர் அம்மதிப்பைப் பெறாமலே வாழ்ந்து மறைந்தனர் என்பதும் உண்மை.

அவ் இராஜரத்தினம் பிள்ளையின் மாணவர் காருகுறிச்சி அருணாசலம் (1921-1964). தாமிரபரணிப் பக்கத்துக் காருகுறிச்சியிற் பிறந்த இவர், ஆசிரியரோடு இரண்டாம் நாகசுரமாக அமர்ந்து வாசித்துப் பழகியவர். பின்னர்த் தனியே புகழ்பெற்று, கோவில்பட்டியைத் தம் வாழ்விடமாகக் கொண்டார். ஆற்றங்கரையிற் பிறந்த கலைஞர் கரிசலுக்குக் குடிவந்தது இச்சீமையின் நற்பேறு. இடைசெவல் நண்பர்கள் இருவரும் இவருடன் நெருங்கிப் பழகினர். சபை தேடி நூறு கல் செல்ல வேண்டிய காலத்தில், சபைகள் தேடி அழைக்கும் ஒருவர் பக்கத்து ஊரிலேயே இருந்தார்!

கழுகுமலை வேறு வகையான இசையிடம். அங்கு மலையைக் குடைந்து முருகனுக்குக் கோயில் அமைத்துள்ளனர். மலையின் மற்றொரு பக்கத்தில் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில் உள்ளது. ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய அக்கற்றளி முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. அதன் விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கும் கோலத்தில் அமர்ந்துள்ளார். மௌனமாக உபதேசிக்கும் குருவாக அவரை அமைப்பதே எங்கும் உள்ள வழக்கம். இங்குள்ள சிற்பியோ அவர் கையில் முழவைக் கொடுத்துவிட்டான். இசை தேடி வருவோன் இச்சிற்பத்தின் முன் சற்று நிற்பது நன்று.

கழுகுமலை முருகன்மீது காவடிச்சிந்து பாடியவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தாராகிய இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்த இக்கவிஞர் 1891-இல் இளமையிலேயே மறைந்தார். காவடி சுமந்து நடப்போரின் அடிவைப்புக்கு இசைந்த நடை சிந்தின் நடை. நாட்டுப்புறத்து மெட்டில் புலமைத் தமிழை ஏற்றிவைத்தமையால், வழிநடையில் பிறந்த பாட்டு கச்சேரி மேடைக்கும் ஏறிற்று. இக்காவடிச்சிந்தைப் பதிப்பித்து வெளியிட்டவருள் இடைசெவல் அழகிரிசாமியும் ஒருவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தாம் கேட்டு வளர்ந்த இசையை அவர் ஏட்டில் நிறுத்தினார். இவையேயன்றித் தேவராட்டமும் உறுமியும் வில்லுப்பாட்டும் இந்நிலத்துக்கு உரியன. ஜமீன் கோடாங்கிப்பட்டியின் தேவராட்டமும், சாத்தூர் பிச்சைக்குட்டியின் வில்லிசையும் நாடறிந்தவை.

இனி எட்டயபுரம். பாரதியார் 1882-இல் பிறந்த ஊர் என்று இதனை எல்லாரும் அறிவர். இசை வரலாற்றில் இவ்வூரின் இடம் அதற்கும் முந்தியது. கருநாடக இசையின் மூவருள் ஒருவராகிய முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தில் இங்கு வந்து, 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் மறைந்தார். அவர் நினைவிடம் இங்கே உள்ளது. அவர் வரும் வழியில் வெடித்துக் கிடந்த நிலத்தைக் கண்டு இரங்கி, அமிர்தவர்ஷிணி இராகத்தில் பாடி மழை பெய்வித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கரிசல் மண்ணின் வெடிப்பைக் கண்டவர்க்கு, மழை வேண்டும் என்ற எண்ணமே இக்கதையை இங்கே பிறப்பித்தது என்று தோன்றும்.

தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனை வித்துவானாக விளங்கியவர். மேனாட்டுப் பிடிலை நம் இசைக்கு இசைவித்த முன்னோடியும் அவரே. அவர் மகள் வயிற்றுப் பேரர் சுப்பராம தீட்சிதர் (1839-1906). முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்கள் குருவின் வாயிலிருந்து மாணவன் செவிக்குச் செல்லும் முறையிலேயே அதுவரை காக்கப்பட்டன. சுப்பராமர் நெஞ்சில் அப்பாடல்கள் இருந்தன. அவர்க்கு முதுமையும் வந்துகொண்டிருந்தது. சென்னையில் அரசுப் பணி செய்த சின்னசாமி முதலியார் என்னும் கிறித்தவர், இப்பாடல்கள் அழிந்துவிடக் கூடாதே என்று கவன்றார். தாமே மேனாட்டு இசைக்குறியீட்டில் நம் பாடல்களை அச்சிட முயன்று தம் பொருளைச் செலவிட்டவர் அவர். அவருடைய வற்புறுத்தலாலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவாலும் சுப்பராமர் பணியில் இறங்கினார். 1904-இல் எட்டயபுரத்து வித்தியா விலாசினி அச்சகத்தில் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருநூல் வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட அந்நூலில், சுரங்களோடு அவற்றின் கமக அசைவுகளையும் காட்டத் தனிக் குறிகள் அமைக்கப்பட்டன. நூல் வெளிவந்த இரண்டாண்டில் சுப்பராமர் காலமானார். முதலியாரின் கவலை வீண் அச்சமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா. இன்றும் தீட்சிதர் பாடலின் பழம்பாடத்தை ஆராய்வோர் இந்நூலையே முதலில் புரட்டுகின்றனர்.

இந்நூல் அச்சாகிக்கொண்டிருந்த காலத்திலேயே, நிகழ்ந்த இசையைச் சேர்த்து வைக்கும் வேறொரு வழியும் இந்நாட்டிற்கு வந்து சேர்ந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியார் முதன்முறையாக இசைப்பதிவு செய்தனர். அங்குப் பாடிய கௌஹர் ஜான் என்னும் பாடகி, பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கக் கூறினார். பதிவுகள் செருமனிக்கு அனுப்பப்பட்டு அங்கே தட்டுகளாக அச்சிடப்பட்டன. அங்குள்ளோர் பாடியவர் யார் என்று அறிவதற்காகவே இவ்வேற்பாடு.

அக்காலத்து இசைத்தட்டு அரக்கினால் ஆயது. அரக்கைத் தருவது மரக்கிளையில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி. உலகிற்கு அரக்கைப் பெரிதும் வழங்கியது இந்தியா. அரக்கோடு பாறைத்தூளும் கரிப்பொடியும் கலந்து அழுத்தித் தட்டாக்கினர். தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். சாவியை முறுக்கிவிட்டால் உள்ளிருக்கும் வில்கம்பி அதனைச் சுழற்றும். எஃகு ஊசி தட்டின் வரிப்பள்ளத்தில் ஊர்ந்து, அதன் நெளிவுகளுக்கேற்ப அதிரும், அவ்வதிர்வே ஒலியாகும். பாறைத்தூள் ஊசியின் முனையைப் பள்ளத்திற்கேற்பத் தேய்த்துவிடும். ஆதலால் ஒவ்வொரு முறையும் ஊசியை மாற்ற வேண்டும். ஊசி தேய்வது போலத் தட்டும் சிறிது சிறிதாகத் தேயும். விரும்பிப் பன்முறை கேட்ட பாட்டே விரைவில் கரகரக்கும்! தவறி விழுந்தால் தட்டு உடைந்தே போகும்.

1925-இல் ஒலிவாங்கி வழக்கிற்கு வருமுன், பாடுவோர் ஒரு பெரிய குழலின் வாயினுள் உரக்கப் பாட வேண்டியிருந்தது. உரத்த குரலும் ஊதுகருவியும் நன்கு பதிந்தன. வீணையின் மென்மை அத்துணை நன்றாகப் பதியவில்லை. இதனினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்திற்குச் சற்று மிகுதியாகவே ஓடும். வீதித் திருப்பத்தில் மணிக்கணக்காக விரிந்த இராகத்தை அதற்குள் எவ்வாறு அடக்குவது? இராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு இவ்வினாவுக்கு விடையாயிற்று. ஆலாபனையின் சாரத்தைச் சில நிமிடங்களில் அவர் வடித்துத் தந்தார். அத்தட்டு தமிழ்நாடெங்கும் ஒலித்தது. எனினும் வீதியில் கேட்டது வேறு, தட்டில் கேட்டது வேறு. வீதியில் இராகம் தானே வழி தேடி நடந்தது; தட்டில் அது முன்னரே அளந்த வழியில் ஓடியது. தட்டை மட்டும் கேட்டு வளர்ந்தவன் இராகம் சிறியது என்று எண்ணிவிடக் கூடும்.

இசைத்தட்டை விற்கும் கடைகள் நகரங்களில் தோன்றின. காரைக்குடியில் தந்தையின் கடையில் இசைத்தட்டு விற்கத் தொடங்கிய ஏ. வி. மெய்யப்பன், கூட்டாளிகளோடு சென்னை மவுண்ட் ரோட்டில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தை 1930-களில் நடத்தினார். தட்டு விற்றதோடு நில்லாமல் தட்டுக்கென நாடகங்களையும் பாடல்களையும் பதிவுசெய்து வெளியிட்ட அவர், அவ்வழியே திரைத்துறைக்கும் சென்றார். பழைய தட்டுகளைத் தேடுவோர் நெடுங்காலம் சென்னை மூர் மார்க்கெட்டுக்குச் சென்றனர். பழைய நூல்களுக்கும் பெயர்பெற்ற அவ்வங்காடி 1985-இல் தீக்கிரையாயிற்று.

சிற்றூரில் இத்தகைய கடைகள் ஏது? கிராமபோன் பெட்டி செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. திண்ணையில் அதனை வைத்து முடுக்கினால் தெருவே கூடிவிடும். பின்னர் ஒலிபெருக்கி வந்தது. திருமண வீட்டிலும் கோயில் கொடையிலும் மரத்தின் உச்சியில் குழாயைக் கட்டி, விடியற்காலை முதல் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டனர். எத்தட்டை எப்பொழுது வைப்பது என்பதை முடிவுசெய்த ஒலிபெருக்கிக்காரரே அவ்வூரின் இசையரசர். தேநீர்க்கடைகளில் வானொலிப் பெட்டி அமர்ந்தது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் தொடங்கப்பட்டது; கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலியின் தமிழ்ப் பாடல்களும் இச்சீமையில் தெளிவாகக் கேட்டன. அரக்குத் தட்டு மறைந்து நீளிசைத்தட்டு வந்தது. அதனையடுத்து ஒலிநாடா வந்தது. 1980-களில் சிறு நகரங்களின் ஒலிப்பதிவுக் கடையில், விரும்பிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வெற்று நாடாவில் பதிந்து பெறுவது வழக்கம். நாடாவின் இறுதியில் சிறிது இடம் எஞ்சினால் கடைக்காரர் தம் விருப்பப்படி ஒரு பாட்டைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. அவ்வாறு கேளாமலே கிடைத்த பாட்டினால் புதிய இசையை அறிந்தோர் பலர்.

தட்டில் பதிந்த குரலுக்கும் பதியாத குரலுக்கும் உள்ள வேறுபாட்டை இருவரால் உணரலாம். செங்கோட்டையிற் பிறந்த நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதில் மறைந்தார். அவர் எந்தத் திரைப்படத்திலும் நடித்தாரல்லர். எனினும் அவர் பாடிய தட்டுகள் இருப்பதனால் உச்சத்தில் நிற்கும் அக்குரல் இன்றும் கேட்கிறது. விளாத்திகுளம் சுவாமிகளோ மேடைக் கச்சேரியைத் தேடாமல் இராக ஆலாபனையிலேயே திளைத்தவர். அவர் புகழ் இசைத்தட்டால் பரவியதன்று. அருகிருந்து கேட்டவர் சொல்லாலும் எழுத்தாலும் நிலைத்தது. மாணவராகிய ராஜநாராயணன் எழுத்தாளரானது இவ்வகையில் சுவாமிகளின் இசைக்கு வாய்த்த நல்லூழ். 2021-இல் ராஜநாராயணனும் மறைந்தார். அந்த ஆலாபனையைச் செவியால் அறிந்து எழுத வல்லவர் இனி அரியர்.

காருகுறிச்சியாரின் நிலை இவ்விருவர்க்கும் இடைப்பட்டது. 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில், எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையமைப்பில், எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாகசுரம் ஆபேரி இராகத்தில் இணைந்தது. குரல் எது, குழல் எது என்று மயங்குமாறு இரண்டும் ஒன்றை ஒன்று தொடர்ந்தன. நாகசுரக் கச்சேரியைக் கேட்டறியாதவரும் அப்பாட்டை அறிவர். இரண்டாண்டு கழித்து, 1964-இல், அவர் காலமானார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை வைத்துள்ளனர். அவர் இரவெல்லாம் வாசித்த வீதிகளில் திருவிழாக் காலத்தில் சுவாமி புறப்பாடு இன்றும் நடைபெறுகிறது. இசை தேடி வருவோன் அந்நாளில் வந்தால், மல்லாரி தொடங்குமுன் கோயில் வாயிலுக்குச் சென்றுவிட வேண்டும். பிந்தினால் ஆலாபனையின் தொடக்கம் கிடைக்காது.